ஓடாவியாரின் வாளில் இருந்த பித்தளை வட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன தவணை விடுமுறையில், ஊரில் மௌத்தாகிப் போன ஒரு மூத்த ஓடாவியாரின் வீட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் நாலு ஆசிரியர்கள். பாடசாலையின் வரலாற்று அறைக்காகப் பழைய தொழிற்கருவிகளைச் சேர்த்து வருவது எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சீவுளி, உளி, அரம், துறப்பணம் என்று இதுவரை முப்பதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. ஓடாவியாரின் மனைவி முற்றத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இரும்புக்காரன் காலையிலயே வந்து பாத்துட்டுப் போயிட்டான் சேர். அஸருக்குப் பொறகு வருவான். ஒங்களுக்கு வேணுங்கிறத எடுத்துட்டுச் சொல்லுங்க, மிச்சத்த நான் குடுத்துருவன்."

அப்போது லுஹர் தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பெட்டிக்குள் இரண்டு சீவுளி, பிடி தேய்ந்த உளிகள், அடியில் துணி சுற்றிய ஒரு கைவாள். வாள் என்றதும் சண்டை போடும் வாள் இல்லை, மரம் அரியும் வாள். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருவோம். தகடு முழுக்கத் துரு. ஆனால் மரப்பிடியில், ஆணிகளுக்கு நடுவே, காசு அளவில் ஒரு பித்தளை வட்டம். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் எழுத்துத் தெரிந்தது: "டிஸ்டன் அன்ட் சன்ஸ், ஃபிலடா."

ஃபிலடா என்பது ஃபிலடெல்ஃபியாவின் சுருக்கம். அமெரிக்க நகரம். அது எப்படி எங்கள் ஊர் ஓடாவியாரின் பெட்டிக்கு வந்தது என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்த டிஸ்டன் யார் என்பது தெரிந்த கதை.

ஹென்றி டிஸ்டன் 1819இல் இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் பிறந்தவர். 1833இல், பதினாலு வயதில், தகப்பனோடும் சகோதரியோடும் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலேறினார். வந்து இறங்கி மூன்றாவது நாள் தகப்பன் இறந்துபோனார். அந்நிய ஊர், கையில் ஒன்றுமில்லை. பையன் ஒரு வாள் செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். சில வருடங்களில் அந்தப் பட்டறை நொடித்தது. கூலிக்குப் பதிலாகக் கருவிகளையும் பொருட்களையும் வாங்கிக்கொண்டு, சேமிப்பில் இருந்த 350 டொலரோடு 1840இல் தனியாகத் தொடங்கினார்.

தொடங்கியது லேசாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தச்சனுக்கு நல்ல வாள் என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வாள்தான். உள்ளூரில் செய்ததைத் தொட்டும் பார்க்கமாட்டார்கள். (உள்ளூர்ச் சாமானைப் பற்றிய இந்தக் குணம் நமக்கும் புதிதல்ல.) வாளுக்கான உருக்கே ஷெஃபீல்டில் இருந்துதான் வரவேண்டும். டிஸ்டன் 1855இல் சொந்தமாக உருக்கு உருக்கும் ஆலையைக் கட்டினார். ஷெஃபீல்டில் தொழில் கற்றவர்களையே வேலைக்கு எடுத்தார். 1861இல் இறக்குமதி உருக்குச் சாமான்களுக்கு அமெரிக்க அரசு வரியைக் கூட்டியதும் அவருக்குக் காற்று திரும்பியது. 1865இல் மூத்த மகன் ஹமில்டன் பங்காளியானார். வட்டத்தில் "அன்ட் சன்" என்று ஒருமையில் ஒரு சொல் கூடியது. மற்ற மகன்மாரும் வந்தபோது அது "சன்ஸ்" ஆனது. சேகரிப்பவர்கள் இந்த ஓரெழுத்தை வைத்தே வாளின் வயதைச் சொல்வார்கள். ஓடாவியாரின் வாளில் உள்ளதுபோல ஹென்றியின் முதலெழுத்து இல்லாமல் "டிஸ்டன் அன்ட் சன்ஸ்" என்று மட்டும் இருந்தால், அது ஏறத்தாழ 1896க்கும் 1917க்கும் இடைப்பட்டது. நூறு வயது தாண்டிய சாமான். அதைத்தான் கிலோக் கணக்கில் நிறுக்க இருந்தார்கள்.

1870களின் தொடக்கத்தில் டிஸ்டன் நகருக்கு வெளியே டக்கோனி என்ற இடத்தில் காணி வாங்கித் தொழிற்சாலையை மாற்றினார். தொழிலாளருக்கு வீடு, வாசிப்பதற்கு இடம், எல்லாம் உண்டாயின. காணி உறுதியிலேயே ஒரு நிபந்தனை: அங்கே மதுக்கடை வைக்க முடியாது. வாசிக்கும்போது எங்களுக்கு மனிதரைப் பிடித்துப்போனது உண்மை. ஆனால் யோசித்தால் இன்னொன்றும் தெரிகிறது. வேலையும் அவருடையது, வீடும் அவருடையது, எந்தக் கடை திறக்கலாம் என்பதும் அவர் சொல்வது. அப்படியான ஊரில் முதலாளியோடு முரண்பட்டவன் எங்கே போவான்?

1878இல் ஹென்றி இறந்தார். மகன் ஹமில்டன் 1881இல் புளோரிடா மாநிலத்தில் 40 இலட்சம் ஏக்கர் நிலத்தை, ஏக்கர் 25 சதம் வீதம், பத்து இலட்சம் டொலருக்கு வாங்கினார். சதுப்பு நிலத்தை வடிக்கப் போன அந்தக் கதை தனிப் பதிவுக்கு உரியது. நிறுவனம் உலகின் மிகப் பெரிய வாள் உற்பத்தியாளராக வளர்ந்து, பிறகு மின்சார வாள்களின் காலத்தில் தளர்ந்து, 1955இல் வேறு கம்பனிக்கு விற்கப்பட்டது. இன்று டிஸ்டன் என்றால் பழைய கருவி சேர்ப்பவர்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

இதுவரை சொன்னது வட்டத்தில் பெயர் உள்ளவர்களின் கதை. எங்களுக்குள் அன்று எழுந்த கேள்வி வேறு. இந்தத் தகட்டைத் தீட்டியவன் யார்? பல் வெட்டியவன் யார்? அவன் பெயர் எங்கேயும் இல்லை.

அவர்களைத் தேடினால் டிஸ்டன் ஆள் எடுத்த ஷெஃபீல்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே பெரிய ஆலைகள் மட்டும் இருக்கவில்லை. ஒரு அறையையும் ஒரு தீட்டுக்கல்லையும் வாடகைக்கு எடுத்துத் தானே வேலை செய்த சிறு தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் தீட்டிய சாமானில் வியாபாரியின் முத்திரைதான் விழும். தீட்டுவது கொடுமையான வேலை. தண்ணீர் படாமல் உலர்ந்த கல்லில் முள்ளுக்கரண்டி தீட்டியவர்களின் நெஞ்சில் கல்தூசி இறங்கி, பலர் நாற்பது வயதைக் காணாமலே போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்ட் மருத்துவர்களே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். வேகமாகச் சுழலும் கல் சில நேரம் வெடித்து ஆளையே கொன்றுவிடும்.

வாள் தீட்டுபவர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்தது. வேலையற்றவருக்கு உதவுவது, அளவுக்கு மீறிப் பயிலுநர்களைச் சேர்த்துக் கூலியைக் குறைப்பதைத் தடுப்பது என்று நியாயமான நோக்கங்கள்தான். ஆனால் சந்தா கட்டாதவரை வழிக்குக் கொண்டுவர ஒரு முறை வைத்திருந்தார்கள். இரவில் போய் அவரது சக்கரத்தை ஓட்டும் தோல் பட்டியைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். பட்டி இல்லாவிட்டால் மறுநாள் வேலை இல்லை. இது மெல்ல மெல்லப் பயங்கரமாக மாறியது. 1859இல் ஜேம்ஸ் லின்லி என்ற வாள் தீட்டுபவர் சுடப்பட்டு, மாதக்கணக்கில் கிடந்து இறந்தார். 1866 ஒக்டோபரில் தோமஸ் ஃபெர்னஹோ என்பவரின் வீட்டில் வெடிமருந்து வைத்தார்கள். நாடே அதிர்ந்தது. 1867இல் விசாரணைக் குழு அமர்ந்தது. உண்மை சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்ற உத்தரவாதத்தின் பேரில், சங்கத்தின் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட் எழுந்து, ஆள் வைத்து இவற்றைச் செய்வித்தது தானே என்று ஒப்புக்கொண்டார். வெளியில் இந்தக் குற்றங்களைக் கண்டித்துப் பேசி வந்தவரும் அவரே.

கொலையை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கைத்தொழிற் புரட்சிப் பாடத்தில் ஷெஃபீல்ட் என்றால் உருக்கு என்று ஒரு வரியில் எழுதவைத்து இரண்டு புள்ளி கொடுக்கிறோமே, அந்த வரிக்குள் இத்தனை மனிதர்கள் இருந்தார்கள்.

இவர்களையும் நினைத்துச் சேகரித்த ஒருவர் உண்டு. கென் ஹோலி. ஷெஃபீல்டில் கருவிக்கடை வைத்திருந்தவர். 1950 முதல் சேர்க்கத் தொடங்கினார். பழைய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, சாமான்கள் குப்பைக்குப் போகுமுன் இவர் போய் நிற்பார். நாங்கள் இவரிடம் கற்ற பெரிய விஷயம், அழகான முடிந்த கருவிகளை மட்டும் இவர் எடுக்கவில்லை என்பது. பாதி செய்யப்பட்ட கத்தி, செய்யும் கருவியைச் செய்த கருவி, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் எடுத்தார். கடைசித் தலைமுறைத் தொழிலாளரிடம் இது எப்படிச் செய்வது என்று கேட்டுப் பதிந்தார். 2014இல் இறந்தார். அவர் சேர்த்தவை இன்று ஷெஃபீல்டின் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது நாம் விட்ட வாளுக்கு வருவோம். ஷெஃபீல்டின் புகழுக்குக் காரணம் மூசையில் உருக்கிய உருக்கு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி, கடிகாரச் சுருளுக்கு நல்ல உருக்குத் தேடிப்போய் அந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. ஐரோப்பாவுக்கு அது சரி. ஆனால் அதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே, பக்தாதில் இருந்த அல்கிந்தி போர்வாள்களைப் பற்றி எழுதிய நூலில், ஸரன்தீப் உருக்கில் செய்த வாள்களைத் தனி வகையாகக் குறிப்பிடுகிறார். ஸரன்தீப் என்றால் வேறெங்கும் இல்லை, நம் இலங்கைதான்.

அது வெறும் புகழ்ச்சி இல்லை என்பதற்கு மண்ணிலேயே சாட்சி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் சமனலவெவ அணை கட்டப்பட்ட வேளையில், ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அங்குள்ள மலைச்சரிவுகளில் மேற்கு நோக்கிய இரும்பு உலைகளின் எச்சங்களைக் கண்டார். அப்படியான இடங்கள் மட்டும் 77. துருத்தி வைத்து ஊதாமல், தென்மேல் பருவக்காற்றையே உலைக்கு ஊதவிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர். அவர் அதேபோல உலை கட்டி இரும்பு எடுத்தும் காட்டினார். 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. பலாங்கொடைப் பக்கத்தில் மூசையில் உருக்குச் செய்யத் தெரிந்த முதியவர்கள் 1900களின் தொடக்கத்தில் கூட இருந்தார்கள். ஆனந்த குமாரசுவாமி அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்த்து, 1908இல் வெளியான தன் நூலில் எழுதினார். அதன் பிறகு அந்தத் தொழில் இல்லை.

டிஸ்டனுக்குப் பித்தளை வட்டம் இருந்தது. ஷெஃபீல்ட் தீட்டுகாரர்களுக்கு, கெட்ட பெயரோடாவது, ஒரு விசாரணை அறிக்கை இருக்கிறது. காற்றில் இரும்பு உருக்கியவர்களில் ஒருவரின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

அஸர் பாங்கு சொல்லும் நேரம் பெட்டியை முழுதாக எங்கள் வேனில் ஏற்றினோம். இரும்புக்காரர் தருவதாகச் சொன்னதைவிடக் கூடவே கொடுத்தோம். அவர் பாவம், அவருக்கும் பிழைப்பு. விலை கேட்டபோது ஓடாவியாரின் மனைவி சிரித்தார். "அவர் இருந்திருந்தா இத ஒங்களுக்குத் தந்திருக்கமாட்டார் சேர். புள்ளயளயும் தொடவிடமாட்டார்."

பாடசாலையில் பிடியைத் துடைத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பெருவிரல் படும் இடத்தில் மரம் குழிந்திருக்கிறது. அதற்குக் கீழே, உளி நுனியால் கீறிய ஓர் அரபு எழுத்து: மீம். ஓடாவியாரின் பெயர் மீமில் தொடங்குவதில்லை. அவரது வாப்பாவின் பெயரும் இல்லை. மனைவியிடம் திரும்பக் கேட்டோம். அவர் கல்யாணம் முடிக்கும்போதே அந்த வாள் அவரிடம் இருந்ததாம், தொழில் பழக்கிய உஸ்தாது கொடுத்தது என்று ஒருமுறை சொன்ன ஞாபகமாம். பெயர் ஞாபகம் இல்லை.

எமது ஊரிலும் பக்கத்து ஊர்களிலும், அறுபது எழுபது வருடங்களுக்கு முன் மீமில் தொடங்கும் பெயரோடு ஓடாவி வேலை செய்த யாரையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், தெரிந்தால் கீழே எழுதுங்கள். வாளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.