இருவர் அடித்துக்கொண்டாலும் 'தங்கா'

தில்லிச் சந்தையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டால், பார்த்தவர்கள் அதை 'மார்பீட்' என்பார்கள். இந்திப் பத்திரிகை 'ஹாதாபாயி' என்று எழுதும். சட்டத்தின் இந்திப் பிரதியோ அதே கைகலப்பை 'தங்கா' என்கிறது. 1984, 2020 கலவரங்களைக் கண்ட நகரத்தில், பேச்சுவழக்கில் கலவரத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எரிந்த தெருக்கள்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் அந்தக் குற்றத்தின் பெயர் 'அஃப்ரே'. அச்சுறுத்துவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பயந்து நிற்பவரைச் சொல்லும் 'அஃப்ரெய்ட்' இதற்கு உடன்பிறப்பு. இங்கிலாந்தின் பழைய சட்டம் அடித்துக்கொண்டவர்களின் காயத்தைவிட, அதைக் கண்டு நடுங்கிய ஊராரின் பயத்தையே பெரிதாக எண்ணியது. அதனால்தான் அந்தச் சட்டப்படி நாலு சுவருக்குள் நடக்கும் அடிதடி, தாக்குதல் வழக்கு ஆகலாமே தவிர, அஃப்ரே ஆகாது.

1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 159ஆம் பிரிவிலும் இதே கருத்துதான். இரண்டு பேராவது சண்டையிட வேண்டும். அது பொது இடமாக இருக்க வேண்டும். பொது அமைதி குலைய வேண்டும். ஒருவர் அடிக்க, மற்றவர் கைதூக்காமல் வாங்கிக்கொண்டால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஐந்து பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டம் வன்முறையில் இறங்கினால் அது வேறு குற்றம். நாம் கலவரம் என்று சொல்வது அதைத்தான். அதற்கு இந்திப் பிரதி வைத்த பெயர் 'பல்வா'.

கைகலப்புக்கு அந்தச் சட்டம் வைத்த தண்டனை ஒரு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1862இல் 100 ரூபாய் ஏழையை முடக்கிவிடும் தொகை. 162 ஆண்டுகள் அந்தத் தொகை அப்படியே கிடந்தது.

கைகலப்பு வழக்கைத் தவிர, தில்லிக் காவலர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தெருச்சண்டை முற்றும் என்று தோன்றினால், தடுப்பு நடவடிக்கையாக ஆளைப் பிடித்து 'கலந்தரா' எழுதுவார்கள். அந்த அறிக்கை சிறப்பு நிர்வாக நடுவரிடம் போகும். 1978இல் காவல் ஆணையர் முறை வந்த தில்லியில், அந்த இருக்கையில் இருப்பவரும் காவல்துறை அதிகாரியே. பிடிபட்டவர் அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம்.

2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது. அபராதம் 1000 ரூபாயானது, சிறைக்காலம் மாறவில்லை, 'தங்கா'வும் மாறவில்லை. காலனியச் சட்டத்தைக் களைவதாகச் சொன்னவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். கைகலப்புக்காகப் பிடிபட்டவர் தன்மேல் கலவர வழக்கு என்று நினைத்து அஞ்சும் நிலை நியாயமல்ல. அடுத்த திருத்தத்திலாவது இந்திப் பிரதியில் அந்தச் சொல்லை மாற்றட்டும்.