சமயேஸ்வரர் யாருக்கு ஈஸ்வரர்?

மனத்தைச் சமைப்பது, அதாவது பக்குவப்படுத்துவது, எதுவோ அதுவே சமயம் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். சொல்லாய்வறிஞர் பாவாணர் வழி வந்தோர் அமை, சமை, சமையம் என்று ஒரு கொடிவழியும் காட்டுகின்றனர். கல்வெட்டுகளில் ‘சமையம்’ என்று ஐகாரம் வருவது அவர்களுக்குப் பெரிய சான்று. சகர, ஞகர, யகரங்களுக்கு முன் அகரமும் ஐகாரமும் ஒன்றுக்கொன்று போலியாக வரும் என்று நன்னூல் சொல்லியிருக்க, அந்த ஐகாரத்தால் எதுவும் நிலைபெறாது.

சமயம் வடசொல்லே. கூடி வருதல் என்பது அதன் வேர்ப்பொருள். கூடினவர்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கை அடுத்த பொருள். கொள்கை என்ற பொருள் அதற்கும் பிந்தியது. சமண பௌத்தர் வழியாகத் தமிழுக்கு வந்து, மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் ஊன்றிவிட்டது. அர்த்தசாஸ்திரத்திலும் நாரத ஸ்மிருதியிலும் ‘சமயத்தை மீறுதல்’ ஒரு வழக்குத் தலைப்பு. புறச்சமயத்தாரும் வணிகரும் பிற குழுவினரும் தமக்குள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டைச் சமயம் என்று பெயரிட்டு, அரசன் அதைக் காக்க வேண்டும் என்கிறார் நாரதர். எதைக் கும்பிட வேண்டும் என்று அரசன் சொல்வதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அசோகனின் பன்னிரண்டாம் பாறைக் கட்டளை பல பிரிவினருக்கும் வேண்டுவது என்று போற்றும் ‘சமவாய’மும் இதே வேரின் கிளை.

மதம் வேறு. அது கருத்து. நூலாசிரியர்க்கு உரிய எழுவகை மதம் நன்னூலில் உண்டு. மதம் ஒருவனுக்கே இருக்கலாம். சமயத்துக்குக் கூட்டம் வேண்டும்.

இனி, சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள பழவேற்காட்டுக்கு வருகிறேன். அங்குள்ள சிவன் பெயர் சமயேஸ்வரர். தக்க சமயத்தில் உதவுபவர் என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நானாதேசி வணிகக் குழுவுக்கே சமயம் என்று பெயர் உண்டு. பொன்னேரிப் பக்கத்துக் காட்டூரை அந்த வணிகர் கூடி வீரபட்டினமாக்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. பர்மாவின் பகானில் அவர்கள் வைத்த பெருமாள் கோயில் ‘நானாதேசி விண்ணகர்’. குழுவின் பெயரைக் கோயிலுக்கு இட்டவர்கள், சமயத்தின் பெயரை ஈஸ்வரனுக்கு இட்டதில் வியப்பென்ன?

அரசே ஒரு கொள்கையைத் தேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் இதே ஊர் பார்த்திருக்கிறது. மகிமை மாதா கோயில் போர்த்துக்கீசியர் காலத்தது. ஆயரை நியமிப்பதில் போர்த்துக்கல் அரசனுக்கு உரிமை இருந்த காலம் அது. 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் அந்த ஏற்பாட்டில்தான் பிறந்தது. 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி தன் நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் போதகரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியது. அவர்களில் ஒருவரான ஆபிரகாம் ரோஜர் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டு எழுதிய நூல் 1651-இல் வெளிவந்தது. அந்தச் சபை அரசோடு வந்து அரசோடு போயிற்று, கல்லறைகள் நிற்கின்றன. மாதா கோயிலைக் குப்பத்து மக்கள் தமதாக்கிக்கொண்டதால் அது வாழ்கிறது.

குப்பத்து மக்கள் தாமே வகுத்த மீன்பிடி முறையான ‘பாடு’ ஏரியில் இன்றும் நடக்கிறது. படு என்பது முதல் நீண்டு பாடு ஆயிற்று. வலை படும் இடம், அதை இடும் முறை, அவரவர் பங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று மீனவக் குப்பங்களும் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கின்றன. ஓர் ஊரின் பெயரில் மாதா, ஓர் ஊரின் பெயரில் ஆண்டி; கட்டுப்பாடு ஒன்று. நாரதர் சொன்ன சமயம் இதுதான். அந்தக் குப்பங்களின் மீனவச் சாதியான பட்டினவர் அல்லாதாரை இது வெளியே நிறுத்துகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அரசன் காக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது.

கோயில் நிர்வாகத்தின் பக்கம் அரசு வந்த வழி நீளமானது. ஆங்கிலக் கம்பெனியின் 1817 ஒழுங்குமுறை கோயில் நிலங்களை ரெவின்யூ போர்டின் பார்வையில் வைத்தது. 1863-இல் கம்பெனிக்குப் பின் வந்த ஆட்சி கையை விலக்கிக்கொண்டது. 1925-இல் நீதிக்கட்சி அரசு கோயில்களுக்கெனச் சட்டம் செய்தது. 1951-இல் அறநிலையத் துறையே வந்தது. ஷிரூர் மடத்து வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம், சொத்து நிர்வாகத்தைச் சட்டம் நெறிப்படுத்தலாம், வழிபாட்டு முறை அந்தச் சமயத்தாருடையது என்று பிரித்தது. அறநிலையத் துறைக்கு ‘இந்து மத’ என்று வைக்காமல் ‘இந்து சமய’ என்று வைத்தவர்கள் நாரதரை நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் சொல் சரியாக விழுந்திருக்கிறது. கருத்தின் மேல் அரசுக்கு வேலை இல்லை. கூடினவர்களின் கணக்கும் கட்டும் சிதையாமல் பார்ப்பதே வேலை. சமயேஸ்வரர் கூடினவர்களின் ஈஸ்வரர் என்பதே என் துணிபு.