தில்லிப் படங்களும் டச்சிங் வேலையும்

1858இல் தில்லிக்கு வந்த புகைப்படக்காரர் ஃபெலிசே பியாட்டோ, முந்தின ஆண்டுப் போரில் சிதைந்த காஷ்மீரி கேட்டைப் படமெடுத்தார். கல்லில் விழுந்த குண்டு வடுக்கள்கூடத் துலக்கமாகத் தெரியும். ஆள் அசைந்தால்தான் வம்பு. அன்றைய கண்ணாடித் தகட்டுக்குப் பல விநாடி வெளிச்சம் தேவைப்பட்டதால் நடந்துபோகிறவர் புகைபோலக் கலைந்துவிடுவார். ஸ்டூடியோக்காரர்கள் கழுத்துக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் மசியாத மங்கலைக் கையால் சரிசெய்தார்கள். நெகட்டிவில் ஒருவகை வார்னிஷ் தடவி, பின்னாலிருந்து ஒளி வரும் சாய்மேசையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்புவதுதான் டச்சிங். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். சுருக்கம் மறையும், கண்ணில் ஒளிப்புள்ளி வரும். இமையும் புருவமும் கறுப்பாக வேண்டுமென்றால் பிரிண்டின்மேல் தூரிகை பிடிக்க வேண்டும். தில்லி ஆல்காஸி அறக்கட்டளையின் தொகுப்பில் இப்படி வண்ணம் பூசிய உருவப்படங்கள் இருக்கின்றன. ஆகவே, புகைப்படத்தின் நேர்மையைக் கம்ப்யூட்டர் வந்துதான் கெடுத்தது என்ற புலம்பலுக்கு வரலாற்றில் இடமில்லை.

ஆனால் டச்சிங்கையும், விளிம்புகளை எடுப்பாக்கும் கூராக்கலையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. இருட்டறைக்காரர்களிடம் இன்னொரு வித்தை இருந்தது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே சற்று மங்கலான பாசிட்டிவ் ஒன்றை மெலிதாக எடுத்து, இரண்டையும் ஒட்டவைத்துப் பிரிண்ட் போட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் உள்ள ‘அன்ஷார்ப் மாஸ்க்’ அதையே எண்களால் செய்கிறது: படத்தின் மங்கலான நகலை மூலத்திலிருந்து கழித்து, மிஞ்சிய வேறுபாட்டை மூலத்தோடு கூட்டுகிறது. புதிதாக எதுவும் வருவதில்லை. இருக்கிற எல்லைக்கோடு அழுத்தம் பெறுகிறது, அவ்வளவுதான். அளவு மீறினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டும்.

போன விவரத்தை மீட்கவே முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும். ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடியில் பிழை இருப்பது 1990இல் தெரிந்தபோது, கணக்குப் போட்டே பல படங்களைத் தெளிவாக்கினார்கள். மங்கல் எப்படி உண்டானது என்பது துல்லியமாகத் தெரிந்ததால் அது சாத்தியமானது. கை ஆடி எடுத்த கல்யாணப் படத்துக்கு அந்த விவரம் கிடைப்பது அரிது. அங்கே இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள், தான் பார்த்த ஆயிரம் முகங்களை வைத்து ஓர் இமையை ஊகித்து வரைகிறது. தூரிகைக்காரர் செய்த அதே வேலை. அவர் பூசியது லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இதில் தெரியாது. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அதனால் குற்றமில்லை. பத்திரிகைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆகாது. தாத்தா படத்தைத் தெளிவாக்கக் கொடுக்கிறவர்கள் பழைய பிரிண்டையும் மறக்காமல் திருப்பி வாங்கி வையுங்கள்.