கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் கல்: லைவ் ராக்கின் கதை

1/ செட்டியார்பட்டியில் எங்க தெருத் தம்பி ஒருத்தன் போன வாரம் வந்து கேட்டான். "டாக்டர், உப்புத்தண்ணி மீன்தொட்டி வைக்கப் போறேன். கடல்ல இருந்து எடுத்த லைவ் ராக் மலிவா தரேன்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கியாந்து கொதிக்க வெச்சா கிருமியெல்லாம் போயிரும்ல?"

இந்த ஒரு கேள்விக்குள்ள இரண்டு ஆபத்து இருக்கு. ஒன்று நுரையீரலுக்கு, இன்னொன்று சட்டத்துக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2/ முதல்ல, லைவ் ராக்னா என்ன? செத்துப்போன பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூடு. கல் சாகும், ஆனா அதன் ஆயிரக்கணக்கான துளைகளில் பாக்டீரியா, கடற்பஞ்சு, புழு, பாசி எல்லாம் குடித்தனம் நடத்தும். அதனாலதான் "உயிருள்ள கல்".

3/ தொட்டிக்கு அது எதுக்கு? மீன் தன் கழிவை அம்மோனியாவாக செவுள் வழியே வெளியேற்றும். நம்ம உடம்பில் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரல். கல்லீரல் செயலிழந்தவருக்கு அம்மோனியா ஏறி, நினைவு தடுமாறுவதை வார்டில் பார்க்கிறோம். மீன்தொட்டிக்கு கல்லீரல் கிடையாது. அந்த வேலையைச் செய்வது கல்லில் இருக்கும் பாக்டீரியா.

4/ அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. கல்லின் உட்பகுதியில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும்.

5/ இதை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தவர் ஐரோப்பியர் இல்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த கல், கடல் தண்ணி, கொஞ்சம் காற்றுக்குமிழி, வெளிச்சம், அவ்வளவுதான். 1961ல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பிறகு ஜெர்மானியர்கள் இதே வழியை வளர்த்தெடுக்க, "பெர்லின் முறை" என்று பெயர் வந்தது.

6/ நம்ம ஊர்க் கதை இன்னும் பழசு. சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தியவர். ராமேஸ்வரம் கடல் உயிர்களை ஆராய்ந்து எழுதினார். அவர் எண்ணத்தில் உருவான கடல்மீன் காட்சியகம் 1909ல் மெரினாவில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடிவிட்டார்கள்.

7/ இப்போ மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். பவளப்பாறையை மீனவர்கள் "பார்" என்பார்கள். காரைச்சல்லி, விலாங்குசல்லி, புலுவினிச்சல்லி என்று தீவுகளின் பெயரிலேயே சல்லி இருக்கு பாருங்க. உடைந்த பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து எழும்பிய தீவுகள் இவை.

8/ அந்தக் கல்லைத்தான் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். மீன்தொட்டிக்கு இல்லை, சுண்ணாம்புக்கு. பவளக்கல் கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. 1960கள், 70களில் தூத்துக்குடி, மண்டபம் பக்கம் படகு படகாகக் கரைக்கு வந்தது.

9/ உருண்டைப் பவளம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். கடப்பாரை ஒரு நிமிஷத்தில் பெயர்ப்பது, ஒரு தலைமுறைக் காலம் வளர்ந்தது.

10/ விளைவு? பார் என்பது அலையைத் தடுக்கும் சுவர். சுவர் போனதும் அலை நேரா தீவில் அடித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டு தீவும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து இறக்கியிருக்கிறார்கள். இயற்கை இலவசமாகக் கொடுத்ததை சிமென்ட் ஊற்றித் திரும்பக் கட்டுகிறோம்.

11/ 1986ல் கடல்வாழ் தேசியப் பூங்கா, 1989ல் உயிர்க்கோளக் காப்பகம் என அறிவிப்பு வந்தும் வெட்டுவது நிற்கவில்லை. 2001ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருக்கும் அதே அட்டவணை. தூத்துக்குடிப் பக்கம் பவளம் வெட்டுவது ஓய்ந்தது 2004 சுனாமிக்குப் பிறகுதான்.

12/ அதனால தம்பி, நம்ம கடல் பவளக்கல்லை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 வருஷம் வரை சிறை. "செத்த கல்லுதானே" என்ற வாதம் செல்லாது.

13/ அடுத்தது கொதிக்க வைப்பது. தயவுசெய்து யாரும் செய்யாதீங்க. கல்லில் ஒட்டி வரும் ஜோவாந்திட் என்ற பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. 1971ல் ஹவாய் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது. ஈட்டி முனையில் தடவினால் ஆள் சாவான் என்று அங்கே ஒரு பழங்கதையே இருக்கு.

14/ கல்லைக் கொதிக்க வைத்தால் விஷம் அழியாது, ஆவியோடு வீடெல்லாம் பரவும். இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், வாயில் உலோகக் கசப்பு. மாற்று மருந்து கிடையாது. 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒருவர் மீன்தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் அவர் குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொட்டி வைத்திருப்பவருக்கு இப்படி அறிகுறி வந்தால், தொட்டி இருப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்க. நாங்க சாதாரண காய்ச்சல்னு நினைச்சிருவோம்.

15/ அப்போ வழி? கல்லை நாமே செய்யலாம். சிமென்ட், உடைத்த சிப்பி, கல்லுப்பு கலந்து வார்க்கணும். தண்ணியில் போட்டால் உப்பு கரைந்து துளை விழும். புது சிமென்ட் தண்ணியின் காரத்தன்மையை ஏற்றும், அதனால ஒன்றிரண்டு மாதம் தண்ணி மாற்றி மாற்றி ஊற வைக்கணும். உப்புக்குத் தூத்துக்குடியை நம்பலாம், கல்லுக்கு வேண்டாம்.

16/ பிறகு கடல்மீன் தொட்டிக்கான உப்புக்கலவைத் தண்ணியில், இருட்டில், மோட்டார் ஓடவிட்டு வைங்க. ஏற்கெனவே நடக்கும் நல்ல தொட்டியின் வடிகட்டியிலிருந்து கொஞ்சம் பீங்கான் வளையம் வாங்கிப் போட்டால் பாக்டீரியா குடியேறும். அதற்குத் துளி அம்மோனியா உணவு. போடும் அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை மீன் விடாதீங்க. நாலு முதல் ஆறு வாரம், சில சமயம் கூடவும் ஆகும்.

17/ தம்பி கடைசியா கேட்டது: "அவ்வளவு நாள் வெறுங்கல்லையா பார்த்துக்கிட்டு இருக்கணும்?"

ஆமாப்பா. கடல் ஒரு பார் கட்ட எத்தனை ஆயிரம் வருஷம் காத்திருந்துச்சு. நீ ரெண்டு மாசம் காத்திரு.