கவரத்தி குடிநீர் நிலையம்
லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் ஆறு இல்லை. பவளத்தீவின் அடியில் மெல்லிய படலமாகத் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அளவு மீறி இறைத்தால் உப்பேறிவிடும். இந்தத் தவிப்பைத் தணிக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை இங்கே அமைத்தது.

சுமார் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மேற்பரப்புக் கடல்நீர், அழுத்தம் குறைக்கப்பட்ட கலனில் சூடாக்காமலே ஆவியாகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழி வரும் குளிர்நீர் அந்த ஆவியை நன்னீராக்குகிறது. கரையை ஒட்டியே கடல் சட்டென ஆழமாவதால்தான் இது கைகூடியது, அருமையான பொருத்தம்.

2011இல் மினிக்காய், அகத்தி தீவுகளும் இவ்வசதி பெற்றன.

நீரேற்றும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். தீவுகளின் மின்சாரமோ பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை நம்பியது. அக்கறையோடு தீர்க்க வேண்டிய குறை இது.