எந்தப் படகு?

திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் துணிகள் குவியலாகக் கிடக்கும். ஏற்றுமதிக்கென்று தைத்து, தையல் கோணலாகிப் போனதாலோ சாயம் கொஞ்சம் கூடிக் குறைந்ததாலோ கழிக்கப்பட்ட பனியன்கள். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அந்த நண்பர் எங்கள் வாசகர் கூட்டத்துக்கு வந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சொந்த ஊர் மேட்டூர்ப் பக்கம். பனியனின் மார்பில் இரண்டு சிறிய அலுமினிய மீன்பிடிப் படகுகள் அச்சாகியிருந்தன. ஒன்று தட்டை அடியும் சதுர மூக்கும் கொண்டது. மற்றது கூர்மூக்கு, அடிப்பகுதி ஏரின் கொழு மாதிரி நடுவில் இறங்கியிருந்தது. கீழே ஆங்கிலத்தில், இரண்டில் உன்னுடையது எது என்கிற மாதிரி ஒரு கேள்வி.

அன்றைக்குக் கூட்டத்தில் சந்தை தரும் தேர்வுச் சுதந்திரம் பற்றித்தான் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். டீ குடிக்க வெளியே வந்தபோது அவரிடம் கேட்டேன்: 'இதுல எதுங்க நல்ல படகு?' குனிந்து தன் மார்பைப் பார்த்துச் சிரித்தார். 'எங்கப்பா பரிசல் ஓட்டறவருங்க தோழர். அவருகிட்டக் கேட்டா, மொதல்ல எந்தத் தண்ணின்னு கேப்பாரு. அப்பறம் கடன் யாரு குடுக்கறாங்கன்னு கேப்பாரு.'

மூன்று மணிநேரம் நாங்கள் பேசியதில் இந்த இரண்டு கேள்விகளும் வரவேயில்லை. அவற்றைப் பின்தொடர்ந்து போனால் படகுகளின் வரலாறு மட்டுமல்ல, தேர்வு என்ற சொல்லின் வரலாறும் கிடைக்கும் என்று தோன்றியது.

1

முதலில் தண்ணீர். தட்டை அடிப்படகுக்கு ஆழம் வேண்டாம். முழங்கால் தண்ணீரிலும் போகும். நின்று வலை வீசினாலும் சட்டென்று சாயாது. ஆனால் காற்றெழும்பி அலை வந்தால் ஒவ்வொரு அலையிலும் அடி அறைபடும். கூர் அடிப்படகு அலையைக் கிழித்துக்கொண்டு போகும். அதற்கு ஆழம் வேண்டும், ஓரத்தில் ஆள் நின்றால் சாயும். ஆகவே எது நல்லது என்பதற்குத் தனியாக விடை இல்லை. குளத்துக்கு ஒன்று, பெருநீர்ப் பரப்புக்கு ஒன்று.

இந்த அறிவு அமெரிக்க வணிகப் பட்டியல்களில் பிறந்ததல்ல. காவிரிப் பரிசல் அதையே வேறு மாதிரி சொல்கிறது. மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டக்கூடை. முன்பு மேலே தோல் போர்த்தினார்கள், பிறகு தார் பூசிய துணி, பிளாஸ்டிக் சாக்கு, இப்போது ஃபைபரும் வந்துவிட்டது. முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. பாறையில் உரசினாலும் வளைந்துகொடுக்கும். கரையேறியதும் ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். கிழிந்தால் ஓட்டுகிறவனே ஒட்டிக்கொள்வான்.

கடற்கரையில் கட்டுமரம். இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. அலை அதை மூழ்கடிப்பதில்லை, இடுக்குகளின் வழியே ஏறி வடிந்துவிடுகிறது. துறைமுகமில்லாத, அலையடிக்கும் திறந்த மணற்கரையிலிருந்து புறப்பட்டு அதே கரைக்குத் திரும்புவதற்கான வடிவம் அது. கரையில் அவிழ்த்துக் காயவைக்கலாம். ஆங்கிலம் நம்மிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்துக்குப் பெயராக்கிவிட்டது. சொல் போனது, அது சுமந்த கரை போகவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பரிசலையும் கட்டுமரத்தையும் மரபின் ஞானம் என்று கும்பிடுவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. கட்டுமரத்தில் போகிறவன் நாள் முழுக்க இடுப்பளவு நனைந்தே கிடக்கிறான். அந்தத் தொழில் சாதியோடு பிணைந்தது. மாற்றம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் மீனவர்களும் உண்டு. எனவே பிரச்சினை மாறுவதா வேண்டாமா என்பதல்ல. மாற்றத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதே.

2

அலுமினியத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அலுமினியச் சிறுபடகு பரவியதன் பின்னால் மீனவனின் தேவை இல்லை, போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் செய்த கிரம்மன் கம்பெனி, போர் முடியும் தறுவாயில் தன் தகடுகளுக்கும் அச்சு இயந்திரங்களுக்கும் வேறு வேலை தேடியது. 1945-இல் அலுமினிய ஓடங்களைச் செய்யத் தொடங்கியது. பனியனில் உள்ள இரண்டு படகுகளும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். வாங்குகிறவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உலோகத்தை அவனுக்காக முன்பே வேறொருவர் தேர்ந்தெடுத்தாயிற்று.

நம் ஊரில் அலுமினியம் நுழைந்த வாசல் வேறு. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் பிரிவைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. செம்பும் பித்தளையும் வாங்க முடியாதவர்களின் உலோகமாக அது வீடுகளில் புகுந்தது. இங்கே மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போன தலைமுறை சோறு கொண்டுபோன தூக்குப்போசி அந்த வரலாற்றின் மிச்சம். இலேசு, துருப்பிடிக்காது, விலை குறைவு: படகுக்குச் சொல்லப்படும் அதே காரணங்கள். ஆனாலும் அது நமக்குப் படகாக வரவில்லை, பாத்திரமாகத்தான் வந்தது.

மேட்டூரில் இது கண்முன்னே நடந்தது. 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் அருகிலேயே 1965 முதல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட் அங்கே உருகியது. 2008-இல் உருக்காலை நின்றுபோனது. அந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளும் பக்கத்து நீர்த்தேக்கத்தில் மீன் பிடித்தவர்கள் பரிசலில்தான் போனார்கள். காரணம் பழமைப்பற்று அல்ல. அலுமினியத் தகட்டை ஒட்ட ஆர்கான் வாயுவும் தேர்ந்த வெல்டரும் வேண்டும். மூங்கிலுக்கும் தாருக்கும் ஓட்டுகிறவனின் கை போதும். பழுதுபார்க்கத் தெரியாத பொருளை வாங்குவது, அதை விற்றவனிடமே மறுபடி மறுபடி போய் நிற்பதற்கு ஒப்புக்கொள்வது.

3

இனி இரண்டாவது கேள்வி: கடன். இதற்குத் திருப்பூரிலிருந்தே ஒரு நூல் ஓடுகிறது. 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். திருப்பூர் அன்று அந்த மாவட்டத்தில். பிறகு 1890களில் விவசாயக் கடன் பற்றி அவர் எழுதிய அறிக்கை ஜெர்மனியின் ராய்ஃபைசன் மாதிரிக் கூட்டுறவுச் சங்கங்களைப் பரிந்துரைத்தது. 1904-இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு முன்னோடியானது. அதே மனிதர்தான் 1905 முதல் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணியை உருவாக்கினார். கிணற்று மேட்டில் விவசாயியின் கடனை ஆராய்ந்தவர் கடற்கரைக்குப் போனது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். அவருக்குப் பின் அத்துறைக்குத் தலைமையேற்ற ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் தனி நூலே எழுதினார். காலனிய அதிகாரிகள் நம் படகை முதலில் ஒரு பிரதியாக வாசித்தார்கள். அதில் மேலாண்மையின் பார்வை உண்டு, ஆனாலும் வாசித்தார்கள்.

விடுதலைக்குப் பிந்தைய வளர்ச்சித் திட்டங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் சிறு இயந்திரப் படகுகளோடு தொடங்கியது. அந்தப் படகுகளை அலைக்கரையில் ஏற்ற முடியவில்லை. அவற்றுக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. ஏற்றுமதி இறாலுக்குக் கிராக்கி ஏறியதும் திட்டம் இழுவை மடியின் பக்கம் சாய்ந்தது. கடலுக்கே போகாதவர்களின் பணம் படகுகளில் இறங்கியது. இதே விசைப்படகு நம் கரைக்கும் வந்தது, கட்டுமரக்காரர்களோடு மோதல் மூண்டது, ரத்தமும் சிந்தியது. பிறகே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரத்து மூன்று கடல்மைலைப் பாரம்பரிய மீனவருக்கு ஒதுக்கியது. படகு மாறியபோது கரையும் மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். மணலில் இறங்கிய மீனை அங்கேயே ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்த பெண்கள், மீன் துறைமுகத்துக்குப் போனபோது பெருவியாபாரியின் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. எந்தப் படகு என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

மறுபக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது: கன்னியாகுமரி மாவட்டம் முட்டம். குடைவள்ளத்துக்கான பெருமரங்கள் அருகி விலையேறியபோது, ஒட்டுப்பலகையில் வள்ளம் செய்யும் முயற்சி 1980களின் தொடக்கத்தில் அங்கே நடந்தது. அதில் ஈடுபட்ட பியர் ஜில்லே தன் அனுபவத்தை 1985-இல் நூலாக்கினார். ஷூமாக்கரின் 'சிறியதே அழகு' உலகமெங்கும் பேசப்பட்ட காலம்; ஜில்லே தன் நூலுக்கு இட்ட தலைப்பின் பொருள், சிறியது கடினமானது. மீனவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு வடிவம் மாற்றி, தோற்று, திரும்பச் செய்து கண்ட உண்மை அது.

அந்தப் படகு வேரூன்றியதற்குப் பலகையும் பசையும் மட்டும் காரணமல்ல. கரையில் மீனவனுக்குக் கடன் தருகிறவன் வட்டியோடு நிற்பதில்லை; பிடித்த மீனை அவனிடமே, அல்லது அவன் வழியாகவே விற்க வேண்டும் என்பதுதான் கடனின் உண்மையான விலை. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்த கிராமச் சங்கங்கள் இந்த இடத்தில்தான் கைவைத்தன. ஏலத்தைச் சங்கமே நடத்தியது. அன்றன்றைய விற்பனையில் ஒரு பங்கு கடனுக்குக் கழிந்தது. மீன் படாத நாளில் தவணை இல்லை. கட்டுமரமா வள்ளமா என்று முட்டத்து மீனவர் யோசித்தபோது அது உண்மையான தேர்வாக இருந்தது. ஏனென்றால், மீனை யாருக்கு விற்பது என்பது அவர் கைக்குத் திரும்பியிருந்தது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நடந்ததை இதோடு ஒப்பிடலாம். சுனாமியில் கட்டுமரங்கள் உடைந்தன. உதவ வந்த அமைப்புகள் ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்து இறக்கின. அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் வார்த்த படகுகளின் தரம் பற்றிப் புகார்கள் எழுந்தன. சில ஊர்களில் ஏறிப்போக ஆள் போதாத அளவுக்குப் படகுகள் குவிந்தன. கட்டுமரம் பல கரைகளில் மறைந்தது. அது தோற்றுப்போய் மறையவில்லை. கொடுப்பவரின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. கடன் மட்டுமல்ல, தானமும் தேர்ந்தெடுக்கிறது.

4

திருப்பூருக்குத் திரும்பலாம். பவர் டேபிள் போட்டு ஜாப்-ஒர்க் எடுக்கிறவரைக் கேளுங்கள். எந்தத் தையல் மிஷின் வாங்குவது என்று அவரும் யோசிக்கிறார், நாலு பேரை விசாரிக்கிறார். ஆனால் தையல் எப்படி விழ வேண்டும் என்பதைக் கடல் தாண்டி இருக்கும் பையர் எழுதிவிட்டார். பீஸ் ரேட்டை ஆர்டர் எடுத்த கம்பெனி எழுதிவிட்டது. மிச்சமிருக்கும் இடுக்கில் இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே அவருக்குச் சுதந்திரம் உண்டு. கரையில் முன்பணம் வாங்கியவனின் சுதந்திரமும் இதே அளவுதான்.

தண்ணீரும் இங்கே இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து இந்த ஊரின் நடுவே ஓடிக் காவிரியில் சேரும் நொய்யல். 1992-இல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே பாசனத்துக்காக அணை கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவின் தொட்டியானது. அணையைத் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று போராட நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்றது. நடக்காதபோது 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் அளித்தது. பட்டறைகள் திரும்பத் திறந்தன. அணை நிறைந்திருந்தபோது அதில் ஒருவர் மீன் பிடிக்க இறங்கியிருந்தால், தட்டை அடிப்படகா கூர் அடிப்படகா என்று அவரிடம் கேட்பது கேலியாக இருந்திருக்கும்.

தேர்வுச் சுதந்திரம் பற்றி இனிப் பேசும்போது, கடைசியில் நீட்டப்படும் இரண்டு பொருள்களில் தொடங்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது. அந்த இரண்டு மட்டும் நீட்டப்படுவதற்கு முன்பு என்னென்ன முடிவாயிற்று, யார் முடிவு செய்தார்கள் என்பதில் தொடங்கலாம். பரிசல்காரர் தன் இரண்டு கேள்விகளோடு அங்கேதான் நிற்கிறார். அவருடைய மகன் மார்பில் ஒட்டியிருந்த கேள்வியோ, அந்தப் பனியனுக்கு நீலச் சாயம் ஏற்றிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்கவில்லை.