கடுகு சிறுத்தாலும் காரம் போகாது
(ஐஸ்லாந்து நாட்டுக் காற்பந்துக் குழுவின் வரலாறு)



பரிசளிப்பு விழா மலரில் காற்பந்துக் கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மைப் போன்ற சிறிய தோட்டப் பள்ளிகளைப் பற்றி லயத்திலும் கடையிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பிள்ளைங்க ரொம்பக் கொறச்சலா இருக்காங்க சார். இந்தக் கொஞ்சம் பேர்ல இருந்து என்னா வரப் போவுது? பெரிய பள்ளிக்கூடமா பார்த்துச் சேர்த்தாதான் ஆளாவும்" என்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் திறமையும் குறைந்துவிடுமா? இதற்கு விடை சொல்ல உலகப் படத்தின் உச்சியில் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் ஐஸ்லாந்து.

நாடும் மக்களும்

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தீவு. பரப்பளவு ஏறக்குறைய 1,03,000 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியாவில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். ஆனால் மக்கள்தொகையோ 2016-இல் சுமார் 3,30,000 தான்! ஜொகூர் பாரு நகரில் உள்ள சனங்கூட அந்த நாடு முழுவதிலும் இல்லை. ஒரு பக்கம் பனிமலை, மறு பக்கம் எரிமலை. டிசம்பர் மாதத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரந்தான் வெளிச்சம். காற்று அடித்தால் ஆளையே தள்ளும். இப்படிப்பட்ட மண்ணில் காற்பந்து ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் நம் வழக்கம் போலவே இருக்கிறது. பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம் அடையாளக் கார்டில் வருவது போல, தன் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர்தான். யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர். ஆகவே இனி வரும் பெயர்கள் எல்லாம் 'சன்', 'சன்' என்று முடிந்தால் குழம்பிவிடாதீர்கள்.

முதல் அடி

தலைநகரான ரெய்க்யவிக்கில் 1899-ஆம் ஆண்டிலேயே ஒரு காற்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. 1912-இல் தேசிய லீக் போட்டி நடந்தது. அப்போது நாடு டென்மார்க்கின் மன்னராட்சிக்குக் கீழ் இருந்தது. 1944 ஜூன் 17-ஆம் நாள் அது முழுச் சுதந்திரக் குடியரசானது. இரண்டே ஆண்டுகளில், 1946 ஜூலையில், தன் முதல் அனைத்துலக ஆட்டத்தை ஆடியது. எதிரே நின்றது யார் தெரியுமா? முன்பு தன்னை ஆண்ட அதே டென்மார்க்! ஆட்டம் 0-3 என்று தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு காற்பந்துச் சம்மேளனம் அமைக்கப்பட்டது. பின்லாந்தை 2-0 என வென்று முதல் வெற்றியையும் கண்டார்கள்.

அந்தக் காலத்து நட்சத்திரம் அல்பர்ட் குட்முண்ட்சன். ஐஸ்லாந்தின் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் இவரே. இங்கிலாந்தின் ஆர்சனல், இத்தாலியின் மிலான் குழுக்களில் ஆடிய இவர், பிற்காலத்தில் தம் நாட்டின் நிதியமைச்சராகவும் ஆனார். 1951-இல் வலிமை மிக்க சுவீடனை 4-3 என்று ஐஸ்லாந்து சாய்த்தது. அந்த நான்கு கோல்களையும் அடித்தவர் ரிக்ஹார்டர் யோன்சன் என்ற ஒரே ஆள்!

மறக்க முடியாத அடி

ஆனால் ஒரு கை ஓசை எத்தனை நாளைக்குக் கேட்கும்? 1967 ஆகஸ்ட் 23-ஆம் நாள் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஐஸ்லாந்து வாங்கிய அடி சரித்திரத்தில் நின்றுவிட்டது. கோல் கணக்கு 14-2. ஆம், பதினான்கு! "பதினாலுக்கு ரெண்டு" என்பது அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக நினைவில் நிற்கும் காயமாகிவிட்டது.

நம் பிள்ளைகள் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியிடம் 5-0 என்று தோற்றாலே மறுநாள் காலணியைக் கட்டில் அடியில் தள்ளிவிடுகிறார்கள். அவர்களோ மறு ஆட்டத்துக்குப் போனார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் போனார்கள். பல ஆண்டுகள் தோல்வியே அதிகம். இருந்தாலும் இடையிடையே நல்ல ஆட்டக்காரர்கள் தோன்றினார்கள். அஸ்கெய்ர் சிகுர்வின்சன் 1984-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் குழுவோடு லீக் வெற்றியாளர் ஆனார்.

1996 ஏப்ரல் மாதம் எஸ்டோனியாவில் ஓர் அதிசயம் நடந்தது. ஆர்னோர் குட்யோன்சன் ஆட்டத்தின் நடுவே வெளியே வந்தார். அவருக்குப் பதிலாக உள்ளே போனவர் அவருடைய சொந்த மகன், 17 வயது ஐதுர். அப்பனுக்குப் பதில் பிள்ளை! அந்த ஐதுர் பிற்காலத்தில் செல்சி, பார்சிலோனா ஆகிய பெரிய குழுக்களில் ஆடிப் பேர் வாங்கினார்.

திடலுக்குக் கூரை, பிள்ளைக்கு ஆசிரியர்

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம். பெற்றோர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

மாரிக் காலத்தில் புல் திடல் உறைந்துவிடும். பிள்ளைகள் சரளைக்கல் திடலில் ஆடி முட்டியைத் தேய்த்துக்கொள்வார்கள். ஆண்டில் பாதி நாள் பயிற்சியே இல்லை. இதற்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் கெப்லவிக் என்ற ஊரில் முழு அளவுத் திடல் ஒன்று கூரைக்குள் கட்டப்பட்டது. அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் கட்டினார்கள். கட்டியவை பெரும்பாலும் ஊராட்சி மன்றங்கள். ஆகவே ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. அதோடு, செயற்கைப் புல் பதித்த சிறு திடல்கள் நூற்றுக்கு மேல் பள்ளிகளின் பக்கத்திலேயே அமைக்கப்பட்டன. மணி அடித்ததும் பிள்ளைகள் பந்தோடு ஓட வேண்டியதுதான்.

திடல் மட்டும் இருந்தால் போதுமா? கரும்பலகை மட்டும் இருந்தால் பாடம் வந்துவிடுமா? ஆகவே காற்பந்துச் சம்மேளனம் பயிற்றுநர்களுக்கு வகுப்பு நடத்தியது. ஐரோப்பியச் சம்மேளனத்தின் தரச் சான்றிதழை நூற்றுக்கணக்கானோர் பெற்றார்கள். இவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். மாலையில் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பவர்கள். பெரிய நாடுகளில் சான்றிதழ் பெற்றவர்கள் பெரிய குழுக்களுக்குப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகளை யாரோ ஓர் அப்பா ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார். ஐஸ்லாந்திலோ ஆறு வயதுப் பிள்ளைக்கும் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் ஆசிரியர் கிடைத்தார். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமும் இல்லை.

நானும் பயிற்சிச் சான்றிதழ் பெற்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுப்பவன்தான். ஆகையால் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அடி மண்ணில்தான் உரம் போட வேண்டும். கன்றில் கவனிக்காத மரம் பிறகு பால் கொடுக்குமா? இது உங்களுக்குத் தெரியாததா?

"அது பணக்கார நாடு சார், நமக்கு ஆவுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான், மீன்பிடித் தொழிலால் வளர்ந்த வசதியான நாடு. ஆனால் 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்து விழுந்தன. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தவித்த சங்கங்கள் உள்ளூர் இளைஞர்களைத் திடலில் இறக்கின. அவர்களோ கூரைத் திடலில் பயின்று தயாராக நின்றார்கள்! 2010-இல் 21 வயதுக்குட்பட்டோர் குழு ஜெர்மனியை 4-1 என்று தோற்கடித்தது. கில்பி சிகுர்ட்சன், கோல்பெய்ன் சிக்தோர்சன், அரோன் குன்னார்சன் எல்லாரும் அந்தத் தலைமுறைதான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதையும் கவனியுங்கள். ஐரோப்பியக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு முதலில் போனது ஆண்கள் குழு அல்ல, பெண்கள் குழு! அவர்கள் 2009-இலேயே போய்விட்டார்கள். ஆண்கள் போனது ஏழு ஆண்டு கழித்துத்தான்.

பல் வைத்தியர் பயிற்றுநர் ஆனார்

2011 இறுதியில் சுவீடன் நாட்டு லார்ஸ் லாகர்பெக் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன். தொழிலால் இவர் ஒரு பல் வைத்தியர். ஹெய்மேய் என்னும் குட்டித் தீவுக்காரர். 1973 ஜனவரியில் அந்தத் தீவில் எரிமலை வெடித்து, ஊர் சனம் ஏறக்குறைய 5,000 பேரும் ஒரே இரவில் மீன்பிடிப் படகுகளில் தப்பினார்கள். பெரும்பாலோர் பிறகு திரும்பி வந்து சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு வீடு கட்டினார்கள். அப்படிப்பட்ட ஊரின் பிள்ளைக்குத் தோல்வியைக் கண்டு பயம் வருமா? உள்ளூர் ஆட்டங்களுக்கு முன்னால் ஆதரவாளர்கள் கூடும் கடைக்கு அவரே போய், அன்றைக்கு யார் யார் ஆடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்வாராம். அவர்களும் அந்த இரகசியத்தைக் காத்தார்கள்.

2012-இல் உலகத் தர வரிசையில் 131-ஆம் இடம் வரை தாழ்ந்திருந்த நாடு மளமளவென்று ஏறியது. 2013 நவம்பரில் உலகக் கிண்ண வாசல் வரை போய்க் குரோஷியாவிடம் தோற்றது. மனம் தளரவில்லை. அடுத்து, ஐரோப்பியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நெதர்லாந்தை உள்ளூரிலும் வென்றது, அம்ஸ்டர்டாமிலும் வென்றது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது.

விடியற்காலை மூன்று மணி

பிரான்சில் நடந்த அந்தப் போட்டியில், பிறகு கிண்ணத்தையே வென்ற போர்த்துகலோடு 1-1 என்று சமன். ஹங்கேரியோடும் 1-1. ஆஸ்திரியாவை 2-1 என்று கடைசி நிமிடத்தில் வென்றது. அடுத்து எதிரே வந்தது இங்கிலாந்து!

2016 ஜூன் 27, நீஸ் நகரம். நம் நாட்டுக் கணக்கில் மறுநாள் விடியற்காலை 3 மணி. நான்காவது நிமிடத்தில் ரூனி பினால்டியில் கோல் போட்டார். "சரி, முடிஞ்சது கதை" என்று உலகமே நினைத்தது. இரண்டே நிமிடந்தான். குன்னார்சன் எல்லைக்கோட்டில் நின்று கையால் நெடுந்தூரம் வீசிய பந்து தலையில் பட்டுத் தாவி வர, ராக்னர் சிகுர்ட்சன் உள்ளே தள்ளினார். 18-ஆவது நிமிடத்தில் சிக்தோர்சன் இரண்டாவது கோல். அதற்குப் பிறகு எழுபது நிமிடத்துக்கு மேல் இங்கிலாந்து முட்டி மோதியும் சுவர் அசையவில்லை. 2-1! பால்வெட்டுக்காரர்கள் பெரட்டுக்குக் கிளம்புமுன் ஆட்டம் முடிந்துவிட்டது. இங்கிலாந்துப் பயிற்றுநர் அன்றே பதவி விலகினார்.

காலிறுதியில் பிரான்ஸ் 5-2 என்று வென்றது. முதல் பாதியிலேயே நான்கு கோல் வாங்கியவர்கள், இரண்டாம் பாதியில் இரண்டு கோல் திருப்பி அடித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஊர் திரும்பியபோது பல்லாயிரம் மக்கள் கூடி, தலைக்கு மேலே கைகளைத் தட்டி "ஹூ" என்று ஒரே குரலில் முழங்கினார்கள்.

உலகக் கிண்ணத்தில்

அடுத்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அதே குரோஷியாவுக்கு மேலே முதலிடம் பெற்று, 2018 உலகக் கிண்ணத்துக்குப் போனது ஐஸ்லாந்து. அதுவரை அவ்வளவு குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு எதுவும் உலகக் கிண்ணத்தில் ஆடியதில்லை. ஜூன் 16-ஆம் நாள் மாஸ்கோவில் அர்ஜென்டினாவோடு முதல் ஆட்டம், 1-1 என்று சமன். மெஸ்ஸி அடித்த பினால்டியைப் பாய்ந்து தடுத்தவர் கோல்காவலர் ஹன்னஸ் ஹால்டோர்சன். அவர் படம் எடுக்கும் இயக்குநரும்கூட! தற்காப்பில் ஆடிய பிர்கிர் சாவர்சன், ஊரில் உப்புப் பொட்டலம் கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொழிலாளத் தோழர்களே, உங்களைப் போல நேரத்துக்கு வேலைக்குப் போய் வந்த ஒருவர்தான் மெஸ்ஸிக்கு எதிரே நின்றார். பிறகு நைஜீரியாவிடமும் குரோஷியாவிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பினார்கள்.

அதன் பிறகு எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். 2021-இல், ஆட்டக்காரர்கள் மீது பெண்கள் சொன்ன புகார்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கண்டனம் எழுந்து, சம்மேளனத் தலைவரும் நிர்வாகக் குழுவும் விலக நேர்ந்தது. பேர் வாங்குவது பெரிதல்ல, அதை நெறியோடு காப்பதே பெரிது. 2024 ஐரோப்பியக் கிண்ணத்துக்கும் 2026 உலகக் கிண்ணத்துக்கும் வாய்ப்பு வாசலிலேயே நழுவியது. இரண்டு முறையும் தடுத்தது உக்ரேன். ஐஸ்லாந்தின் சாதனையையும் கரிபியக் கடலில் உள்ள இன்னொரு தீவு முறியடித்துவிட்டது. 2025 நவம்பரில் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற குராசாவ் தீவின் மக்கள்தொகை ஐஸ்லாந்தில் பாதிகூட இல்லை!

நாம் அறிய வேண்டியது

பெற்றோர்களே! ஐஸ்லாந்து தன் சனத்தொகையைப் பெருக்கி ஜெயிக்கவில்லை. இருக்கிற பிள்ளைகளில் ஒன்றைக்கூட வீணாக்காமல்தான் ஜெயித்தது. பெரிய நாட்டில் ஆயிரம் பிள்ளை கவனிப்பாரற்றுப் போனாலும் இன்னும் ஆயிரம் இருக்கும். சிறிய இடத்தில் ஒரு பிள்ளை போனால் போனதுதான். ஆகவே சிறிய இடத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளை இருந்தால், அந்தப் பத்துப் பேருக்கும் எந்தக் கணக்கு வரவில்லை, யார் காலையில் பசியாறாமல் வந்தான் என்று ஆசிரியருக்குத் தெரியும். நம் பள்ளியின் குறை என்று நீங்கள் நினைப்பது அதன் பலமாகவும் ஆகலாம். ஆனால் அது தானாக ஆகாது. பிள்ளை தினமும் வர வேண்டும். நாங்கள் ஒழுங்காகக் கற்றுக் கொடுக்க வேண்டும். நீங்கள் மாலையில் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு பெறுவோருக்கு என் வாழ்த்துகள். பரிசு கிடைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 14-2 என்று தோற்றவர்கள் இங்கிலாந்தை வெல்ல 49 ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு ஓர் ஆண்டுதான் இருக்கிறது. நாளைக் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்!